காயல் பக்கத்துச் சுவர்

போன வாரம் கட்டடக்கலை படிக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள்: "மேடம், ஒரு பழைய கட்டடத்தை அரை மணி நேரத்தில் பென்சிலால் வரைந்துவிட முடியுமா?" முடியும் என்றேன். எப்படி என்று கேட்டீர்கள். கையைப் பழக்கினால் வரும் என்று சொல்லிவிட்டு சாயா குடிக்கப் போய்விட்டேன். அது பாதிப் பதில். மீதியை நின்றுகொண்டே சொல்ல முடியாது என்பதால் எழுதித் தருகிறேன். 'ரிட்டயர் ஆன அம்மா பயமுறுத்துகிறாள்' என்று நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். சிரித்துக்கொண்டே முழுசும் படித்துவிடுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த ஆபீஸ் என்பது இங்கே முக்கியமில்லை. எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே வியாபாரத்துக்காகக் கொச்சிக்கு வந்து சுள்ளிக்கல்லில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பெண் என்பதால் என்னை முதலில் டிரேசர் மேஜையில் உட்காரவைத்து, ஆண்கள் வரைந்த படங்களுக்கு மேல் தாள் போட்டு நகலெடுக்கச் சொன்னார்கள். மட்டாஞ்சேரியில் பழைய கட்டடங்களை அளந்து வரைய ஆள் தேவைப்பட்டபோது அந்த ஆண்கள் ஒருவரும் முன்வரவில்லை. எலி, ஈரம், சுக்குத் தூசியில் ஓயாத தும்மல். அந்த வேலை எனக்கு வந்தது அப்படித்தான். திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு நடைமுறை இருந்தது. பழைய கட்டடத்தை இடிக்க அதன் முதலாளி அனுமதி கேட்டால், அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்று காட்டும் ஒரு படம் முதலில் ஃபைலுக்கு வர வேண்டும். படம் இல்லாவிட்டால் இன்ஜினியர் கையெழுத்துப் போடமாட்டார். யாரோ நல்ல மனசோடு ஏற்படுத்திய வழக்கம். ஆனால் நடந்தது என்ன? நான் டேப்பும் கையுமாக ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் அதற்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அர்த்தம். நான் வரைந்து முடித்த எதுவும் அதன் பிறகு அதிக நாள் நின்றதில்லை. பஜார் ரோட்டில் மொத்த வியாபாரக் கடைக்காரர்கள் என்னைக் கண்டால் சிரிக்காமல் கேட்பார்கள்: "இன்னைக்கு ஆருக்கு?"

அந்த ரோட்டில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கு இருந்தது. பாண்டிகசாலை என்று அங்கே சொல்வார்கள். முன்வாசல் பஜார் ரோட்டில். பின்சுவர் நேராகக் காயலில் இறங்கி நிற்கும். வள்ளங்கள் அந்தச் சுவரை ஒட்டி வந்து சரக்கு இறக்குவதற்காக முன்பு எப்போதோ கட்டியது. வெட்டுக்கல், சுண்ணாம்பு, தேக்கு, ஓடு. எத்தனையோ கைகள் மாறி, கடைசியில் பம்பாயில் இருந்த ஒரு முதலாளியிடம் வந்து சேர்ந்திருந்தது. அவர் இடித்துவிட்டு கான்கிரீட் கட்டடம் கட்ட நினைத்தார். கீழே கொஞ்சம் சுக்கு மூட்டைகள் மட்டும் மிச்சம். மாடியில் நான்கு குடும்பங்கள் குடியிருந்தன. எல்லோரும் கிடங்குகளில் வேலை செய்தவர்கள்.

அதில் ஒரு குடும்பம் பொன்னுத்தாயுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சுக்கு தரம் பிரிக்கும் வேலையில் இருந்தாள். அவள் புருஷன் ஆறுமுகம் சுமைதூக்கும் தொழிலாளி. அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் சரிந்து முதுகில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. காயலைப் பார்த்த ஜன்னலை ஒட்டிக் கட்டிலில் படுத்தே இருந்தார். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்தப் படகு போகிறது என்று சொல்லுவார். நான் எட்டிப் பார்த்துச் சரிபார்த்தால் அவருக்குக் கோபம் வரும்.

அளவெடுக்க நான் முதலில் போனபோது பொன்னுத்தாய் என்னை உட்காரவைத்து சாயா கொடுத்தாள். எல்லா அறைகளையும் காட்டினாள். பின்பக்கத்து மூலை அறை மட்டும் பூட்டியிருந்தது.

"அது சாவி காணாமப் போச்சு, டிராயிங்கம்மா. அடுத்த வாட்டி வரும்போது தேடி வைக்கேன்."

அடுத்த முறையும் சாவி கிடைக்கவில்லை. அதற்கடுத்த முறை, சாவி இருந்த ஆள் ஊருக்குப் போயிருந்தார். ஒரு அறை குறைந்தாலும் அளவுப்படம் முடியாது. படம் முடியாவிட்டால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் அவர்களை யாரும் இறக்க முடியாது. எங்கள் ஆபீஸ் நடைமுறையை எங்களைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தார்கள்! சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். 'ஒரு அறை பூட்டியிருந்தது, பணி முடியவில்லை' என்று நான் ஒவ்வொரு தடவையும் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். இன்ஜினியர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு ஃபைலை ஓரமாகத் தள்ளிவிடுவார். முதலாளியின் ஆள் வந்து கத்திவிட்டுப் போவார். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. சொல்லப்போனால் அந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருந்தது. நான் தொட்டும் நிற்கிற கட்டடம் ஒன்றாவது இருந்ததே!

அடுத்த வருஷம் இடவப்பாதி என்று அங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை பிடித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். எறணாகுளத்திலிருந்து படகில் வந்துகொண்டிருந்தேன். மட்டாஞ்சேரி நெருங்கும்போது அந்தப் பின்சுவர் தெரியும். எத்தனையோ தடவை பார்த்த சுவர். அன்றைக்கு என்னவோ கண்ணை உறுத்தியது. படகை விட்டு இறங்கியதும் பக்கத்துக் கிடங்கின் துறைப் படியில் போய் நின்று, கையை நீட்டிப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, சுவரின் ஓரத்தோடு வைத்துப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் பென்சிலோடு ஒட்டிய சுவர் நடுவில் ஒட்டவில்லை. காயல் பக்கமாக வயிறு தள்ளியிருந்தது. அந்த வயிறு இருந்தது பூட்டிய அறைக்கு நேராக. அந்த அறைக்கு அடுத்து ஆறுமுகத்தின் கட்டில்.

மாடிக்கு ஓடினேன்.

"அக்கா, அந்த அறையைத் திறங்க."

"சாவிதான் காணலியே, டிராயிங்கம்மா. சாயா குடிக்கியளா?"

"இன்னைக்கு வரையறதுக்குக் கேக்கலை. சுவரைப் பாக்கணும்."

என் முகத்தைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள்.

உள்ளே சில காலிச் சாக்குகளும் ஓர் உடைந்த தொட்டிலும் கிடந்தன. வேறொன்றும் இல்லை. தரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அதன் வழியாகக் கீழே காயலின் வெளிச்சம் ஆடியது. தரையைத் தாங்கும் உத்தரங்களின் நுனி சுவருக்குள் நன்றாகப் புதைந்து இருக்க வேண்டும். இரண்டு விரல் அளவுதான் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இது எப்போலிருந்து இப்படி இருக்கு?"

"எப்பமும் இப்படித்தான். நாங்க குடிவந்த அன்னைலேருந்தே இப்படித்தான் கெடக்கு."

அடுத்த அறையிலிருந்து ஆறுமுகம் குரல் கொடுத்தார். "இல்ல மோளே. போன மழைக்கு இந்த வெளிச்சம் கெடையாது."

"நீங்க சும்மா கெடங்க!" என்று பொன்னுத்தாய் கத்தினாள். "கட்டில விட்டு எறங்கி எத்தன காலமாச்சு? நீங்க கண்டியளா?"

இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் நம் தொழிலில் இதைவிடப் பெரிய இக்கட்டு நான் பார்த்ததில்லை. அந்த இடைவெளி முப்பது வருஷமாக அப்படியே இருக்கிறது என்றால் பயமில்லை. பழைய சுவர்கள் வயிறு வைத்துக்கொண்டு வெகுகாலம் நிற்கும். ஒரே வருஷத்தில் விட்டது என்றால் அடுத்த கனத்த மழைக்குச் சுவர் காயலுக்குள் போகும், தரையும் கட்டிலும் கூடவே போகும். எது உண்மை என்று தெரிய அந்த அறையின் பழைய அளவு ஒன்று வேண்டும். அந்த அளவுதான் இல்லை. அந்த வீட்டை இத்தனை நாள் காப்பாற்றிய பூட்டே என் கண்ணையும் கட்டிவிட்டிருந்தது.

"அக்கா, மழை முடியற வரைக்கும் எங்கேயாவது போய் இருங்க" என்றேன்.

"எறங்கினா திரும்பி ஏத்துவாவளா? நாங்க எறங்குன அன்னைக்கே அவன் பூட்டைப் போட்டுருவான்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. குடியிருக்கிற வரைக்கும்தான் அவர்களுக்கு உரிமை. கையில் அதைத் தவிர எந்தக் காகிதமும் இல்லை.

எதிரே இருந்த அரிசிக் கடையிலிருந்து முதலாளியின் ஆளுக்குப் போன் செய்து முட்டுக் கொடுக்கச் சொன்னேன். விழுந்தால் விழட்டும் என்பதுபோல் "விழட்டே" என்று போனை வைத்துவிட்டார். பிறகு இன்ஜினியருக்குப் பேசினேன். அவர் பாலக்காட்டுப் பக்கம், என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"ஆளுகளை மாத்தணும்னா போலீஸ் வேணும். போலீஸ் வேணும்னா இடிக்கிற ஆர்டர் வேணும். படம் இல்லாதெ நான் ஆர்டர் எழுத முடியாது, கேட்டோ."

"அளவுப்படம் முடிக்க இன்னும் ரெண்டு வாரம் ஆகும் சார்."

"படம் வேணும்னுதான் ரூல். எந்தப் படம்னு எழுதியிட்டில்ல. சுவரு விழுமான்னு என்னிட்ட கேக்காதே, நான் அவிட இல்ல. நீ தீருமானிக்கு."

அளவில்லாத ஒரு பென்சில் படமே ஃபைலுக்குப் போதும் என்கிறார். பெரிய பதவியில் இருப்பவர்கள் எப்போதும் இப்படித்தான் தீர்மானத்தைக் கீழே இறக்கிவைப்பார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னதும் நியாயம்தான், அங்கே நின்றுகொண்டிருந்தது நான்.

அரிசிக் கடைப் படியில் உட்கார்ந்தேன். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பலகையை மடியில் வைத்து, பஜார் ரோட்டுப் பக்கத்து முகப்பை வரைய ஆரம்பித்தேன். வேகமாக வரைகிறவர்கள் முதலில் எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். நான் ஓடுகளை விட்டேன், சுவரின் கறையை விட்டேன், மரவேலையில் பாதியை விட்டேன். கூரையின் சாய்வு, தூண்கள், மாடி ஜன்னல்களின் வரிசை, நடுவாசல். மழைச்சாரலில் தாள் நமுத்து, அழுத்தினால் கிழிந்துவிடும் போல இருந்தது.

மாடி ஜன்னலில் பொன்னுத்தாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை நான் நிமிர்ந்தபோது அங்கே அவள் இல்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தாள்.

"என்ன செய்யுதிய, டிராயிங்கம்மா?"

"வரையறேன் அக்கா."

"இன்னைக்கு எதுக்கு?"

"அந்தச் சுவர் நிக்காதுன்னு தோணுது. விழுந்தா அண்ணனைத் தூக்கிட்டு ஓட உங்களால முடியாது."

"அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க எந்திரிச்சுப் போங்க."

நான் எழுந்திருக்கவில்லை. அவள் எனக்கு நேர் எதிரே, வாசலை மறைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் நின்றாள். அதுவரை ஒரு நாளும் மரியாதை குறையாமல் பேசியவள்.

"வரையாத. எத்தன நாளு என் கையால சாயா வாங்கிக் குடிச்ச? வரையாத புள்ளே."

அரிசிக் கடைக்காரர் உள்ளே போய்விட்டார். அவளைத் தாண்டி வாசலைப் பார்க்க முடியவில்லை. ஒரு வருஷமாக ஏறி இறங்கிய வாசல்தானே, பார்க்காமலே வரைந்தேன். கீழே பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அந்தத் தாளைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. நான் மடித்துப் பையில் வைக்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு நாளில் ஆர்டர் வந்தது. மழையிலேயே நான்கு குடும்பங்களையும் இறக்கினார்கள். மற்ற மூன்று குடும்பங்கள் சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் போயின. ஆறுமுகத்தை ஒரு பழைய கதவில் படுக்கவைத்து, அவரோடு முன்பு சுமை தூக்கியவர்களே தூக்கி இறக்கினார்கள். படியில் அவர்கள் தடுமாறியபோது அவர் சொன்னார்: "பாத்து எறக்குங்கடே. நான் அரிசி மூட்டை இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், பள்ளத்தில் ஒரு கொட்டகைதான் பொன்னுத்தாய்க்குக் கிடைத்தது.

இடிக்கிறவர்கள் ஓட்டைப் பிரித்தார்கள், தேக்கைக் கழற்றி விற்றார்கள், முன்சுவரைத் தட்டினார்கள். கடைசியாக அந்தப் பின்சுவர் மட்டும் தனியாக நின்றது. விடாத மழையில் நின்றது. கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. வடம் கொண்டுவந்து கட்டி, கிடங்கு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்: "இதா டிராயிங்கம்மாவோட சுவரு! ஊதினா விழும்னாளே!" மதியம் கழிந்துதான் அது சரிந்தது.

பிற்பாடு இரண்டு இன்ஜினியர்களிடம் கேட்டேன். மேலே பாரம் போய்விட்டதால்தான் சுவர் நின்றது, ஆட்களோடு இருந்திருந்தால் அன்றைய மழைக்கே போயிருக்கும் என்றார் ஒருவர். சுண்ணாம்புச் சுவர் அப்படிச் சட்டென்று விழாது, இன்னும் இருபது வருஷம் நின்றிருக்கும் என்றார் மற்றவர். இருவருமே நல்ல இன்ஜினியர்கள். அதே மழையில் இரண்டு தெரு தள்ளி, பார்வைக்கு இதைவிட நன்றாக இருந்த ஒரு சுவர் ராத்திரியில் விழுந்தது. உள்ளே தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டை இடிக்கவும் யாரும் கேட்டதில்லை, வரையவும் யாரும் போனதில்லை.

என் படம் ஃபைலில் போயிற்று. இன்றைக்கு அந்தப் பாண்டிகசாலை எப்படி இருந்தது என்று கேட்டால் அந்த ஒரு தாளைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். கோடுகளில் நல்ல உயிர் இருப்பதாக உங்கள் பேராசிரியர் ஒருவர் சொன்னாராம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். போகிற இடத்தில் அன்பாகச் சாயா கொடுப்பார்கள், குடியுங்கள். ஆனால் பூட்டிய அறையைத் திறந்து பார்க்காமல் வராதீர்கள். வரைந்ததை ஆபீசில் கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசிக்கலாம். அளவு உங்கள் கையில் இருக்கட்டும். அது இருந்தாலும் சில நாட்கள் எதுவும் தெரியாமலே கையெழுத்துப் போட வேண்டி வரும். நீங்கள் செய்தது சரியாக இருந்தால் எதுவும் நடக்காது. நடக்காத ஒன்றைக் காட்டி நீங்கள் யாரிடமும் நியாயம் கேட்க முடியாது.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஆறுமுகம் இறந்துபோனார். தரையில் ஊறிய ஈரத்தில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் இறங்கவே இல்லையாம். அரிசிக் கடைக்காரர்தான் சொன்னார். நான் தோப்பும்படிக்குப் பஸ் ஏறினேன். பொன்னுத்தாய் கொட்டகை வாசலில் தண்ணீரை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"கயறு கட்டி இழுத்தாவல்லா? நானும் கூட்டத்துல நின்னு பாத்தேன்" என்றாள்.

"நான் பாத்தேன் அக்கா, நீங்க நின்னதை."

"இவுக சுவரு விழுந்து சாகல."

"இல்லை அக்கா."

சட்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கேன், சொல்லு. அது விழுந்திருக்கும்னு ஒனக்கு உறுதியாத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவளுக்கும் அது ஆறுதலாக இருக்கும், எனக்கும் இருக்கும். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியாது அக்கா."

"தெரியாமலா வரைஞ்ச?"

"தெரியாததினாலதான் வரைஞ்சேன்."

சட்டியை எடுத்தாள். உள்ளே போய், வாசலில் தொங்கிய சாக்குப் படுதாவை இழுத்துவிட்டாள்.